பகலில் திறந்த நோன்பு

பூந்தமல்லி
24-1-2025

ஷாகிதாவுக்கு,

சலாம். எவ்வளவு கோபம் இருந்தாலும் சலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்று உனக்குத் தெரியும். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. தபால்காரரை பிளாக் செய்ய வாணியம்பாடியில் இன்னும் வழி வரவில்லை என்று நினைக்கிறேன்.

உன் அம்மாவைப் பற்றி நீ உன் அண்ணனிடம்தான் கேட்கிறாய். அவர் சென்னீர்குப்பம் பட்டறையில் லாரி சீட் தைத்துக்கொண்டே "நல்லா கீறாங்க" என்று சொல்லி போனை வைத்துவிடுகிறார். அந்த மனிதரிடமிருந்து இரண்டாவது வாக்கியம் வாங்க இருபத்திரண்டு வருஷமாக நானும் முயற்சி செய்கிறேன். அதனால் நான் சொல்கிறேன். மாமி சாப்பிடுகிறார், தூங்குகிறார், என்னைப் பெயர் சொல்லாமல் "ஏ பொண்ணு" என்று கூப்பிடுகிறார். போன வாரம் பல்செட்டை அரிசி டிரம்மில் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு நாகம்மாள்தான் எடுத்து மாட்டிக்கொண்டாள் என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். நாகம்மாள் வாயைத் திறந்து தன் பல்லைக் காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பயமெல்லாம் மார்ச்சில் வரப்போகிற நோன்பைப் பற்றித்தான். போன நோன்பில் நடந்ததை நீயும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. மறந்தவர் மாமி மட்டும்தான். சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பகலெல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்து, பாத்ரூமில் விழுந்து, ஐசியூவில் கிடந்தார். அங்கேயும் "நான் நோன்பு" என்று சொல்லி கையில் ஏறிக்கொண்டிருந்த சலைனைப் பிடுங்கினார். ஐசியூ வாசலில் எல்லோர் முன்னாலும் நீ, "மருமக கையில உட்டா இப்படித்தான் ஆகும்" என்றாய். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த நோன்பு முடியட்டும், சொல்கிறேன்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை அப்படி சுகர் இறங்கினால் மீட்க முடியாதாம். மாமி என்ன சொன்னால் கேட்பார் என்று பெற்ற பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் எழுது.

மஹ்பூபா

*

வாணியம்பாடி
3-2-2025

அண்ணிக்கு,

உங்கள் சலாமுக்கு என் பதில் சலாம். நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் திருத்தாத பேப்பர் கட்டு எதிரே இருக்கிறது.

அம்மா சிறுமியாக இருந்தபோதிலிருந்து ஒரு நோன்பையும் விட்டதில்லை. பெண்களுக்கு விடச் சொல்லியிருக்கிற நாட்களில் விட்டதைக்கூட, பெருநாள் முடிந்த கையோடு களா நோன்பாக வைத்து முடித்துவிடுவார். நான் கைக்குழந்தையாக இருந்த வருஷம் விட்டதை அடுத்த மழைக்காலத்தில் வைத்தாராம். "அல்லாஹ்வுக்குக் கடன் வெச்சுகினு எப்படிடி தூங்கறது" என்பார். அப்படிப்பட்டவரை நோன்பு பிடிக்க வேண்டாம் என்று சொல்வது சுலபமில்லைதான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். உடம்பு முடியாதவர்களுக்கு நோன்பு கடமை இல்லை, அதற்குப் பதிலாக ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்பது அம்மாவுக்கே தெரியும். பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்து வந்து சொல்லச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஏமாற்றிச் சாப்பிட வைக்காதீர்கள். அம்மாவுக்கு மறதிதான் வந்திருக்கிறது, மானம் போகவில்லை.

உங்களால் முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். இங்கே நர்ஸுகள் இருக்கிற காப்பகம் ஒன்று இருக்கிறது. விசாரித்து வைத்திருக்கிறேன். சாப்பிட மறுப்பவர்களுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கொடுக்கிறார்கள். எனக்கு என் அம்மா உயிரோடு வேண்டும்.

ஷாகிதா

*

பூந்தமல்லி
15-2-2025

ஷாகிதாவுக்கு,

சலாம். மூக்கில் குழாய் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உனக்கு எழுதவே பிடிக்கவில்லை. பொட்டை எடு என்று ஒரு நர்ஸ் சொன்னதற்கே அவள் கையைக் கடித்தவர் உன் அம்மா. பொட்டே வைக்காத நெற்றியில் அந்த நர்ஸ் பொட்டு என்று நினைத்தது ஸ்கேன் எடுக்க ஒட்டிய ஸ்டிக்கரை. அது வேறு கதை. குழாய் போட்டால் கையைக் கட்டித்தான் போடவேண்டும். நான் இருக்கிறவரை அது நடக்காது.

நீ சொன்னபடி ஹஜ்ரத்தை வரவழைத்தேன். பாவம், தங்கமான மனிதர். கீழே உட்கார்ந்து, மாமியின் கண்ணைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார். உங்களுக்குக் கடமை இல்லை தாயே, விட்டுவிட்டால் குற்றமே இல்லை என்றார். மாமி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, "சரிங்க ஹஜ்ரத், நீங்க சொன்னா சரிதான்" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஹஜ்ரத் வாசலில் செருப்பை மாட்டுவதற்குள் மாமி என்னிடம், "யாருடி அது? நோன்பு வருது, சஹருக்கு இன்னா சமைக்கப் போற?" என்றார். ஹஜ்ரத் காதிலும் விழுந்தது. சிரித்துவிட்டார்.

போகும்போது அவர் என்னிடம் தனியாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அறிவு தடுமாறினவங்க மேல எந்தக் கடமையும் இல்லம்மா. அவங்க நோன்பைப் பத்தி நீ கவலைப்படாத. அவங்க வயிறும் மனசும் நிறையுதான்னு மட்டும் பாரு." வயிறு நிறைந்தால் மனசு உடைகிறது, மனசு நிறைந்தால் வயிறு காய்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்த்து நிரப்புவது என்று அவரும் சொல்லவில்லை.

சாதாரண நாளிலேயே யாராவது நோன்பு என்று வாயெடுத்தால் போதும், மாமி சாப்பிட மறுத்து வாயை மூடிக்கொள்கிறார். கண்டித்துச் சொன்னால் அழுகிறார். நானும் கூட உட்கார்ந்து அழுகிறேன். உன் அண்ணன் பட்டறைக்குக் கிளம்பிவிடுகிறார்.

மஹ்பூபா

*

பூந்தமல்லி
5-3-2025

ஷாகிதா,

சலாம். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

முதல் நோன்பு ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன் சஹருக்கு எழுப்பினேன், சந்தோஷமாக எழுந்து எங்களோடு சாப்பிட்டார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே இல்லை. திங்கட்கிழமையும் அப்படியே. சாயங்காலம் கை நடுங்க ஆரம்பித்து, விரலில் குத்திப் பார்த்தால் சுகர் விழுந்திருந்தது. பொழுது சாய்ந்து நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு வருகிறவரை மாமியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு உனக்கு போன் செய்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிடலாம் என்று உன் அண்ணனும் நானும் முடிவே செய்துவிட்டோம்.

நேற்று செவ்வாய்க்கிழமை. பகல் தொழுகைக்குப் பள்ளிவாசல் மைக்கில் லுஹர் பாங்கு கேட்டது. சுவரோரம் சோர்ந்து உட்கார்ந்திருந்த மாமி சட்டென்று நிமிர்ந்தார். முக்காட்டைச் சரி செய்தார். இரண்டு கையையும் ஏந்தி, நோன்பு திறக்கிற துஆவை ஒரு எழுத்து பிசகாமல் ஓதினார். ஓதிவிட்டு என்னைப் பார்த்து, "பாங்கு சொல்ட்டாங்க, இன்னாடி வேடிக்கை பார்த்துகினு கீற? பேரீச்சம்பழம் எங்க?" என்றார்.

ஷாகிதா, நான் ஓடினேன். என் உடம்பைப் பார்த்திருக்கிறாய், ஓடுகிற உடம்பா அது. பேரீச்சம்பழம், தண்ணீர், முந்தின நாள் பள்ளிவாசலில் தூக்கில் வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்த நோன்புக் கஞ்சி எல்லாம் எடுத்து வந்தேன். கஞ்சியைச் சுட வைத்து முன்னால் வைத்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாமி ஜன்னலைப் பார்த்தார். "இந்த வருசம் வெயிலு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார்.

"நீ தொறக்கலையா?" என்று என்னைக் கேட்டார். "தொழுதுட்டு வரேன் மாமி" என்றேன். பொய் இல்லை. லுஹர் தொழத்தான் போனேன். அழுதுகொண்டே தொழுதேன்.

பிறகு பிற்பகல் அஸர் பாங்கு வந்தது. மறுபடியும் கை ஏந்தினார். வடையும் பாலும் கொடுத்தேன். மஃரிபுக்கு எங்கள் எல்லோரோடும் உட்கார்ந்து திறந்தார், இரவு இஷாவுக்குத் தனியாக ஒரு தரம் திறந்தார். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. யாரும் போலியாகப் பாங்கு சொல்லவில்லை. எல்லாம் பள்ளிவாசலில் சொன்ன நிஜமான பாங்கு. இந்த ஊரிலேயே ஒரு நாளைக்கு இத்தனை தரம் நோன்பு திறக்கிற பாக்கியம் உன் அம்மாவுக்குத்தான்.

மஹ்பூபா

*

வாணியம்பாடி
9-3-2025

அண்ணிக்கு,

சலாம். உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படித்தேன். சிரித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து டீச்சர் என்னவென்று கேட்டார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ஆனால் எனக்கு உறுத்தல் இருக்கிறது. பொய் சொல்லவில்லை என்கிறீர்கள். வாயைத் திறக்காமலும் பொய் சொல்ல முடியும் அண்ணி, வகுப்பறையில் தினமும் பார்க்கிறேன். அம்மா ஒருநாள் கண்டுபிடித்தால் என்ன ஆகும்? பட்டப்பகலில் சாப்பிட்டோம் என்று ஒரு நிமிஷம் தெரிந்தால் அவர் மனசு தாங்குமா? அதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

சுகர் எவ்வளவு இருக்கிறது என்று எழுதுங்கள்.

ஷாகிதா

*

வாணியம்பாடி
12-3-2025

அண்ணிக்கு,

ஜமீர் போன் செய்தான். எல்லாம் சொன்னான். நான் எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறேன். அம்மாவின் துணிமணி, மாத்திரை, ஆதார் கார்டு எல்லாம் எடுத்து வையுங்கள். காப்பகத்தில் சொல்லிவிட்டேன். அண்ணனிடமும் போனில் சொல்கிறேன். நீங்கள் தடுக்க வேண்டாம்.

ஷாகிதா

*

பூந்தமல்லி
14-3-2025

ஷாகிதாவுக்கு,

சலாம். உன் சின்னத்தா மகன் ஜமீர் பாதி சினிமா பார்த்துவிட்டு எழுந்து போனவன். மீதியை நான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை லுஹர் நேரத்தில் வந்தான். மாமி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியிலிருந்து கை ஜாடை காட்டுவதற்குள், "இன்னா பெரிம்மா, நோன்பு அதுவுமா மத்தியானத்துல சாப்ட்டுகினு கீற?" என்று கேட்டுவிட்டான். கெட்ட எண்ணம் இல்லை, வாய் அப்படி. மாமி கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கிண்ணம் கீழே விழுந்தது. "என் நோன்பை முறிச்சுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். விரலைத் தொண்டைக்குள் விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தார். ஜமீர் பயந்து கிளம்பிவிட்டான். போகிற வழியிலேயே உனக்கு போன் போட்டிருப்பான்.

நான் என்னென்னவோ சொன்னேன். மாமி உங்களுக்குக் கடமை இல்லை என்றேன், டாக்டர் சொன்னார் என்றேன், ஹஜ்ரத் சொன்னார் என்றேன். ஒன்றும் ஏறவில்லை. அழுகை கூடிக்கொண்டே போனது, உதடு வெளுத்துவிட்டது. அசந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதோ தோன்றிக் கேட்டேன்: "மாமி, எனக்கு ஒரு சந்தேகம். நோன்பு வெச்சவங்க மறந்துபோய் சாப்ட்டுட்டா நோன்பு இன்னா ஆவும்?"

அழுகை அப்படியே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுகூடத் தெரியாமல் என் மகனுக்கு வாழ்க்கைப்பட்டாயா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "ஒண்ணும் ஆவாது. மறந்து சாப்ட்டா நோன்பு முறியாது. அல்லாஹ் ஊட்டினான்னு அர்த்தம். வாயக் கொப்பளிச்சுகினு அவங்க பாட்டுக்கு நோன்பைத் தொடர வேண்டியதுதான்" என்றார்.

"அப்ப நீங்க இப்ப சாப்ட்டது?"

"மறந்துதானே சாப்ட்டேன்."

"ஆமா மாமி."

"அப்ப அல்லாஹ் ஊட்டினான்" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அஸர் பாங்குக்குக் கை ஏந்தி, வயிறு நிறையச் சாப்பிட்டார்.

தெரிந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தாய். இதோ பதில். நான் கண்டுபிடித்தது இல்லை, உன் அம்மாவே கொடுத்த தீர்ப்பு. மறதியைத்தான் நாம் இத்தனை நாளாக நோய் என்று திட்டிக்கொண்டிருக்கிறோம். நோன்பு விஷயத்தில் அதற்கு மன்னிப்பு எப்போதோ எழுதி வைத்திருக்கிறது. இனி எத்தனை ஜமீர் வந்தாலும் வரட்டும். நான் சொல்ல மாட்டேன், கேட்பேன்.

நீ வா. கார் எடுத்துக்கொண்டே வா. துணிமணியும் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் லுஹருக்கு முன்னால் வா. பார்த்துவிட்டு முடிவு செய்.

மஹ்பூபா

*

வாணியம்பாடி
20-3-2025

அண்ணிக்கு,

சலாம். ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் சரியாகப் பேசாமல் கிளம்பிவிட்டேன். கரையான்சாவடி தாண்டுகிறவரை டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவு அழுதிருக்கிறேன்.

ஐசியூவில் பார்த்த அம்மாவைத்தான் ஒரு வருஷமாக மனசில் வைத்திருந்தேன். நீங்கள் கதவைத் திறந்தபோது கன்னம் உப்பி, முக்காடு வெள்ளை வெளேர் என்று, ஒரு ராணி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "நீ யாரு ஊட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். பெற்ற மகளிடம் அம்மா இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. ஆனால் அடுத்த நிமிஷமே உங்களிடம், "நோன்பு தொறக்கற நேரத்துல வந்துகீது, அதுக்கும் சேர்த்துக் கஞ்சி ஊத்து" என்றார். என்னை யாரென்று தெரியாமலே எனக்கும் பசிக்குமே என்று நினைக்கிறார். அது போதும் எனக்கு.

பாங்கு வந்ததும் பேரீச்சம்பழத்தை நீங்கள் என் கையில் கொடுத்தீர்கள். வேண்டுமென்றேதான் கொடுத்தீர்கள், எனக்குத் தெரியும். அம்மா வாயில் அதை வைத்தேன். உறுத்தல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

காப்பகத்துக்கு போன் செய்து இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறார். நீங்கள்தான் ஒரு வருஷத்தில் பத்து வயது கூடிய மாதிரி இருக்கிறீர்கள். கோபப்படாதீர்கள், உள்ளதைச் சொன்னேன். பெருநாளுக்கு வருகிறோம்.

ஷாகிதா

*

பூந்தமல்லி
3-4-2025

ஷாகிதா,

சலாம். பத்து வயது கூடியதாக எழுதியிருந்தாயே, பெருநாளைக்கு நீ கட்டி வந்த புடவையைப் பற்றி நான் ஏதாவது சொன்னேனா? போகட்டும்.

நீங்கள் கிளம்பிய பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பெரிய பேச்சு மாமியுடையதுதான். வந்தவர்கள் எல்லோரிடமும், "இந்த வருசம் ஒரு நோன்பு வுடல. சின்னப் பசங்கல்லாம் சோர்ந்து பூட்டாங்க, நான் சோரல" என்றார். எப்படிச் சோர்வார்? நாகம்மாள் அடுத்த நோன்புக்கு நானும் உங்கள் மாமியார் கணக்கில் சேர்ந்துகொள்கிறேன் என்று என் காதில் சொல்லிவிட்டு, பிரியாணியோடு போனாள். ஜமீர் பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்து மாமியின் காலடியில் உட்கார்ந்து, "பெரிம்மா, மறந்து சாப்ட்டா நோன்பு முறியுமா?" என்று கேட்டான். மாமி அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, தீர்ப்பை மறுபடியும் முழுசாகச் சொன்னார்.

நேற்று டாக்டரிடம் போனோம். மூன்று மாத சுகர் சராசரி இறங்கி நல்ல நிலைக்கு வந்திருக்கிறது. எடை ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறது. நோன்பு மாதத்தில் எடை ஏறின ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று டாக்டர் எழுந்து வந்து மாமிக்குக் கை கொடுத்தார். மாமி கை கொடுக்கவில்லை, சலாம் மட்டும் சொன்னார். உன் அண்ணன் வெளியே வந்து, "நீதாம்மே" என்றார். ஒரே வார்த்தைதான். அதைச் சொல்ல அந்த மனிதருக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

சரி, ஐசியூ வாசலில் நீ சொன்னதற்கு என் பதில் இதோ. மருமகள் கையில் விட்டால் இப்படித்தான் ஆகும் ஷாகிதா. ஒன்றரை கிலோ ஏறும்.

சொல்லிவிட்டேன். இனிமேல் அதைப் பற்றிப் பேச மாட்டேன், மனசில் கிடந்த கல் இறங்கிவிட்டது.

இன்னொரு சேதி. பெருநாளுக்கு அடுத்து வைக்கிற, கட்டாயமில்லாத ஆறு சுன்னத் நோன்பையும் வைத்தே தீருவேன் என்று மாமி நிற்கிறார். நீ ஒரு வாரம் அழைத்துக்கொண்டு போகிறேன் என்று பெருநாளன்று மெதுவாகக் கேட்டாயே, நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். விட மனசில்லை. இப்போது சொல்கிறேன், வந்து அழைத்துப் போ. எனக்கு நோன்பு களா இல்லை, தூக்கம்தான் ஒரு வருஷத்துக் களா இருக்கிறது. சொல்லித் தர ஒன்றுமில்லை. வாதாடாதே, கேள். அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும்.

மஹ்பூபா

*

வாணியம்பாடி
12-4-2025

அண்ணிக்கு,

சலாம். உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் இதைப் போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

முதல் நாளே தோற்றுப்போனேன். லுஹர் பாங்கு கேட்டது, நான் பேரீச்சம்பழத்தோடு தயாராக நின்றேன். அம்மா ஜன்னலைப் பார்த்துவிட்டு, "இன்னும் பொழுது சாயல, இது லுஹர் பாங்கு" என்றார். உங்கள் வீட்டில் ஒரு மாதம் காட்டிக் கொடுக்காத வெயில் என் வீட்டில் வந்து காட்டிக் கொடுக்கிறது. கொஞ்சம் விட்டிருந்தால் வாதாடியிருப்பேன். என் மாமியார் வேறு சமையலறை வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறார்.

அப்புறம் கேட்டேன். "அம்மா, ஒருத்தங்க சுன்னத் நோன்பு வெச்சுகினு இன்னொருத்தர் ஊட்டுக்கு விருந்தாளியா போறாங்க. ஊட்டுக்காரங்க ஆசையா சோறு வெக்கிறாங்க. அவங்க இன்னா பண்ணணும்?"

அம்மா யோசிக்கவே இல்லை. "ரமலான் நோன்புன்னா கூடாது. சுன்னத்துதானே? ஊட்டுக்காரங்க மனசு நோவக் கூடாது. சாப்ட்டுடணும்."

பிறகு சுற்றிலும் பார்த்தார். "நான் இப்ப யாரு ஊட்ல கீறேன்?"

"என் ஊட்ல."

"நீ ஆசையா சமைச்சியா?"

"ஆசையாதாம்மா சமைச்சேன்."

"அப்ப வெய்" என்றார்.

தினமும் பகலில் இதே கேள்வி, இதே தீர்ப்பு, இதே சாப்பாடு. சாயங்காலம் எங்களோடு உட்கார்ந்து கை ஏந்தி, இன்றைய நோன்பை ஏற்றுக்கொள் என்று துஆ கேட்கிறார். ஆறையும் முடித்துவிட்டார் அண்ணி. இன்று காலையில் சுகர் பார்த்தேன், அருமையாக இருக்கிறது. நாளை மறுநாள் அழைத்து வருகிறேன்.

நேற்று என் மாமியார், "சம்பந்தியம்மா, எங்க ஊட்டுக் கஞ்சி எப்படி?" என்று கேட்டார். அம்மா மரியாதைக்கு, "சுமாரா கீது" என்றார். பிறகு, "என் பெரிய பொண்ணு பூந்தமல்லில கீறா. அவ காய்ச்சினா தனி. அவதான் என்னை ஒரு நோன்பு வுடாம வெக்க வெச்சா" என்றார்.

உங்கம்மாவுக்கு நீ ஒரே பெண்தானே என்று என் மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அம்மாவைத் திருத்தவில்லை. ஆமாம், பெரியவள் அங்கே இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்கு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.

ஷாகிதா